சுட்ட முகம்

"இது எங்க அண்ணி" என்று வசந்தா சொன்னபோது என் வாயில் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் இருந்தன.

நான் சிதம்பரத்துக்கு வந்த இரண்டாவது நாள் அது. 2010ஆம் வருடம். ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் பத்து நாள் சிற்ப முகாம் போட்டிருந்தார்கள். ஆறு பேரை அழைத்திருந்தார்கள். வசந்தா முகாமின் சமையல்காரி. சாப்பாட்டு மேஜையில் நான் மறந்து வைத்துவிட்டுப் போன கண்காட்சிப் புத்தகத்தைத்தான் அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் விரல் வைத்திருந்த பக்கத்தில் நான் செய்த ஒரு சிலையின் படம் இருந்தது.

நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். களிமண்ணில் உருவங்கள் செய்து சுடுவது என் தொழில், அவ்வப்போது எழுதுவதும் உண்டு. இளவயதில் ஜப்பானில் சூளைகள் நிறைந்த ஒரு சின்ன ஊரில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே அருங்காட்சியகத்தில் ஹானிவா உருவங்களை முதன்முதலாகப் பார்த்தேன். ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்னால், பெரிய மனிதர்களைப் புதைத்த மண்மேடுகளின் மேல் வரிசையாக நட்டுவைத்த சுடுமண் பொம்மைகள். போர்வீரன், பெண், குதிரை, நாய், கோழி. உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் குழாய்தான். கண்ணுக்கு இரண்டு துளை, வாய்க்கு ஒரு துளை. மெருகு கிடையாது, வண்ணமும் அனேகமாகக் கிடையாது. அந்தத் துளைக் கண்களுக்கு முன்னால் நின்ற அன்று சாப்பிட மறந்துபோனேன். அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

சுனாமி வந்த மறு வருடம், செய்தித்தாள் படங்களைப் பார்த்துப் பதினொரு உருவங்கள் செய்தேன். அதில் ஒன்று கடலூர் மாவட்டத்துப் பெண். வாயைத் திறந்து, வலது கையை உயர்த்தி நின்றாள். குழந்தையைப் பறிகொடுத்த தாய் என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். இடுப்புயரத்துக்கு ஒரு சிலை செய்து, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்ட ஓட்டை போட்டேன். நான் வைத்த பெயர் தமிழில் 'வெறும் இடுப்பு' என்று வரும். நான் செய்தவற்றிலேயே அதிகம் பேசப்பட்டது அதுதான். ஒரு பெரிய ஓட்டல் வாங்கித் தன் வரவேற்பறையில் நிறுத்தியிருக்கிறது.

"இது மண் பொம்மைம்மா" என்றேன் வசந்தாவிடம். "பேப்பர்ல வந்த போட்டோவப் பார்த்துச் செஞ்சது."

"அதான் மேடம். மூஞ்சிய வுடுங்க, இந்தக் கையப் பாருங்க. மோதிர வெரலும் சுண்டு வெரலும் மடங்கி இருக்குதா? அது எங்க அண்ணி கை."

அந்த இரண்டு விரல்கள். ஒரு விமர்சகர் அவற்றுக்காகவே ஒரு பத்தி எழுதியிருந்தார். முழுதாக விரிய முடியாத துக்கம் என்று. பேட்டிகளில் நானும் அதையே என் சொந்த யோசனை மாதிரிச் சொல்லியிருக்கிறேன்.

"கெளுத்தி முள்ளு குத்துனது மேடம்" என்றாள் வசந்தா. "கல்யாணத்துக்கு முன்னயே. சீழ் வச்சு நரம்பு சுருங்கிப்போச்சு. அதுக்கப்புறம் நிமிரவே இல்ல."

என் சத்தம் எனக்கே கேட்காத மாதிரி கேட்டேன். "அவங்க இருக்காங்களா?"

"ஏன் இல்லாம? காலையிலதான் போன்ல பேசுனேன். கிள்ளைக்குக் கெழக்க, குப்பத்துல. எங்க அண்ணன் கேரளாவுக்கு போட்ல மீன் புடிக்கப் போயிருக்குது, அண்ணி மீன் யாவாரம் பண்ணுது." அதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. "நீங்க ஒண்ணும் அங்க போயிடாதீங்க மேடம். அந்த போட்டோன்னாலே அதுக்கு ஆவாது."

ஏன் என்று கேட்டேன். அடுப்பில் பால் பொங்குவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுப்பில் பால் எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் என்னால் மண்ணில் எதையும் செய்ய முடியவில்லை. பக்கத்து ஏரியிலிருந்து டிராக்டரில் கொண்டுவந்து கொட்டிய அருமையான மண். சிங்கப்பூரில் நெகிழிப் பையில் கட்டி விற்கும் மண்ணில் இல்லாத ஒரு வாசனை அதில் இருந்தது. பிசைந்து வைத்தேன், மறுபடி பிசைந்தேன். உருவம் எழவில்லை.

முகாமுக்கு ஜப்பானிலிருந்து யூகோ வந்திருந்தாள். என் வயதுக்காரி, சூளை கட்டுவதில் கெட்டிக்காரி. உள்ளூர்ச் செங்கல்லை வைத்து ஒரு சின்னச் சூளை எழுப்பிக்கொண்டிருந்தாள். அவள் ஊரில் பைன் விறகு. இங்கே சவுக்கு. "இந்த விறகு என் பேச்சைக் கேட்குமா?" என்று சவுக்குக் கட்டையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். கரணையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "கையை உயர்த்தி, வாயைத் திறந்து நிற்கும் இரண்டு ஹானிவா இருக்கின்றனவே, எங்கள் நாட்டில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். நடனமாடுகிறவர்கள் என்று சொல்லித்தான் எனக்குக் காட்டினார்கள். பொம்மைக் கடையில்கூட அப்படித்தான் விற்கிறார்கள். இப்போது ஆராய்கிறவர்கள் சிலர் அது நடனமே இல்லை என்கிறார்கள். குதிரையின் கயிற்றைப் பிடித்து நடத்திப் போகிறவனின் கையாம். எது சரி என்று யாரிடம் போய்க் கேட்பது? உனக்குக் கேட்க ஆள் இருக்கிறாள். ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய்?"

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வசந்தாவைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பேருந்தில் ஏறும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

கிள்ளைப் பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆம்பளைங்கல்லாம் எறங்கித் தள்ளுங்கப்பா" என்றார். மீன் கூடைக்காரப் பெண்கள்தான் முதலில் இறங்கினார்கள். நானும் தள்ளினேன். எங்கள் ஊரில் பேருந்து இரண்டு நிமிடம் தாமதமானால் கடிதம் எழுதுகிறவர்கள் உண்டு. இங்கே வண்டி உறுமிக் கிளம்பியதும் எல்லோரும் கைதட்டிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். என் வெள்ளைச் சட்டையில் பத்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. எப்படிப் பதிந்தன என்று இன்றுவரை தெரியாது.

குப்பத்தில் சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த காங்கிரீட் வீடுகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே அச்சு. வாசலில் நீல வலை குவிந்து கிடந்த ஒரு வீட்டின் முன்னால் வசந்தா நின்றாள். "அண்ணி, யாரு வந்திருக்காங்க பாரு. சிங்கப்பூர் மேடம்."

உள்ளேயிருந்து அஞ்சலை வெளியே வந்தாள்.

ஐந்து வருடமாக அந்தத் தாடையை, அந்த நெற்றியை, காதுக்கும் கழுத்துக்கும் நடுவே விழும் அந்தக் கோட்டை என் கட்டைவிரல் அறியும். எத்தனையோ நாள் ஈரத்துணி போர்த்திக் காயாமல் காப்பாற்றிய முகம். அது இப்போது வெற்றிலை போட்டுக்கொண்டு, "வாங்க, உள்ள வாங்க, வெயில்ல நிக்கிறீங்க" என்றது.

என்ன விஷயம் என்று அவள் கேட்கவில்லை. முதலில் சோறு போட்டாள். மாங்காய் போட்ட மீன் குழம்பு. "காரம் ஜாஸ்தியா இருக்கும், பாத்து சாப்புடுங்க." கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டேன். காரம்தான் காரணம் என்று அவள் நினைத்துக்கொண்டு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

அப்போது பின்வாசல் வழியாக ஒரு பெண் குழந்தை வந்தாள். இரட்டைச் சடை. முழங்காலில் காயம். என்னைப் பார்த்ததும் கதவோரம் நின்றுவிட்டாள்.

"எம்பொண்ணு. கவிதா" என்றாள் அஞ்சலை. "அஞ்சாவது படிக்குது."

"எத்தனை பிள்ளைங்க உங்களுக்கு?"

"ஒண்ணே ஒண்ணுதான்."

"இதுக்கு முன்னாடி..."

"ஒண்ணே ஒண்ணுதான்னு சொன்னேனே."

சோற்றிலேயே கை நின்றுவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்து வயது. சுனாமியின்போது நான்கு, ஐந்து இருக்கும். இவளுக்காகத்தான் நான் அந்த ஓட்டையைப் போட்டேன். விளிம்பைத் தண்ணீர் தொட்டு வழவழப்பாக்க ஒரு பகல் முழுவதும் செலவழித்தேன். இவள் இங்கே முழங்கால் காயத்தைச் சொறிந்துகொண்டு நிற்கிறாள்.

கை கழுவிவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன். எடுக்காமல் திரும்பிப் போயிருக்கலாம். அந்த எண்ணமும் வந்தது, மறைக்கவில்லை. வசந்தா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தைத் திறந்து அஞ்சலையின் மடியில் வைத்தேன்.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் வலது கையைத் தூக்கி, மடங்கிய இரண்டு விரலையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"இது நானா?"

"ஆமாம்."

"யாரு செஞ்சது?"

"நான்தான்."

கவிதா அம்மாவின் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். "ஏன் கண்ணு இல்ல? அம்மா இடுப்புல என்னா ஓட்ட?"

நான் பொய் சொன்னேன். "சூளையில சுடும்போது வெடிக்காம இருக்கணும்ல? உள்ள இருக்கிற காத்து வெளிய போறதுக்கு." முழுப் பொய் இல்லை. உள்ளே குழாயாக இருக்கும் உருவங்களுக்குத் துளை வேண்டும்தான். ஆனால் அந்தத் துளை அதற்காகப் போட்டதில்லை.

குழந்தை படத்துக்குக் கீழே, சிலையின் பெயரை அடுத்து இருந்த ஆங்கில விளக்கத்தில் விரலை வைத்து, பள்ளிக்கூடத்தில் படிப்பது போலக் கூட்டிப் படித்தாள். "மதர்... ஹூ... லாஸ்ட்... ஹெர்... சைல்ட்." நிமிர்ந்தாள். "லாஸ்ட்னா தொலஞ்சு போறது. தொலஞ்சது நானா?"

நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று நினைவில்லை.

அஞ்சலை புத்தகத்தை மூடினாள். மெதுவாகத்தான் பேசினாள்.

"நான் அன்னிக்கு அழுவல. தெரியுமா உங்களுக்கு? எங்கள எல்லாம் சிதம்பரத்துல ஒரு கல்யாண மண்டபத்துல வச்சிருந்தாங்க. லாரி லாரியா பழந்துணி வந்துது. ஒருத்தன் லாரி மேல நின்னுக்கிட்டு மூட்டைய அவுத்து, ஒண்ணொண்ணா வீசுறான். கிழிஞ்ச பேண்டு, அழுக்குப் பாவாட. ஆளுங்க தலையில வந்து வுழுது. எங்களுக்கு ஒரு துணி இல்லதான். அதுக்காவ? அவனத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். இது" என்று கவிதாவைக் காட்டினாள், "எனக்குப் பின்னால படியில குந்திக்கிட்டு பன்னு தின்னுக்கிட்டு இருந்துது. போட்டோ புடிச்சவன் பாக்காமயா இருந்திருப்பான்? இது இருந்த பக்கத்த வெட்டிட்டானுங்க."

"எனக்குத் தெரியாது அஞ்சலை."

"கேட்டாத்தான தெரியும்?"

வசந்தாதான் மீதியைச் சொன்னாள். வருடா வருடம் டிசம்பரில் நினைவு நாளுக்கு யாரோ அந்தப் படத்தையே பெரிதாக அச்சடித்துக் கடற்கரையில் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். தன்னைப் பறிகொடுத்ததாகத் தன் அம்மா அழும் படத்தைத் தாண்டித்தான் கவிதா பள்ளிக்கூடம் போகிறாள். கூடப் படிக்கும் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'செத்தவ'.

கவிதா எழுந்து வெளியே போய்விட்டாள்.

"மண்ணத்தான் சுடுவீங்கன்னு வசந்தா சொல்லிச்சு" என்றாள் அஞ்சலை. "எம்மூஞ்சியவும் சுட்டுட்டியே. இத எத்தன பேரு பாத்திருப்பாங்க?"

'நீங்க' 'நீ' ஆகிவிட்டதைக் கவனித்தேன். "நிறைய பேர். ஒரு ஓட்டல்ல, உள்ள நுழையிற இடத்துல நிக்குது. நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

"நான் என்னாத்த சொல்றது? எங்கெங்க போயி எம்புள்ள செத்துப்போச்சுன்னு சொன்னியோ, அங்கெல்லாம் போயி இல்லன்னு சொல்லு."

முகாம் சார்பில் புதன்கிழமை என் உரை இருந்தது. திரையில் படங்களைக் காட்டிப் பேச வேண்டும், ஊர்க்காரர்களும் வருவார்கள். அதைச் சொன்னேன். அங்கிருந்தே தொடங்குகிறேன் என்றேன்.

"நான் வந்து பாப்பேன்" என்றாள். அது நம்பிக்கையில் சொன்னது இல்லை.

ஐந்தாம் நாள் சிதம்பரத்தில் கீழ வீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரைத் தேடிப் பிடித்து ஓட்டல் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். பக்கத்துத் தடுப்பில் ஒருவர் துபாயில் இருக்கும் மச்சானிடம் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்: "அஸ்ஸலாமு அலைக்கும், கேக்குதா? கேக்குதா மச்சான்?" மூன்று முறை மின்சாரம் போனது. மூன்று முறையும் புதிதாக எழுதினேன். முதல் தடவை எழுதியதில் 'ஒரு சிறு தகவல் பிழை' என்று இருந்தது. கடைசித் தடவை 'நான் தவறு செய்துவிட்டேன்' என்று இருந்தது. மின்சாரத்துக்கு நன்றி.

புதன்கிழமை ஊருக்குள், கோயில் பக்கத்துக் கூடத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். மாணவர்கள், ஓவிய ஆசிரியர்கள், கோயிலுக்கு வந்த இடத்தில் மின்விசிறிக்காக நுழைந்த ஒரு குடும்பம். கடைசி வரிசையில் வசந்தா, அவள் பக்கத்தில் பச்சைப் பட்டுப் புடவையில் அஞ்சலை, நடுவில் கவிதா.

மற்றப் படங்களைச் சீக்கிரம் காட்டி முடித்தேன். 'வெறும் இடுப்பு' சுவர் முழுவதும் விரிந்தது. அந்த அளவில் அந்த ஓட்டை ஒரு கிணற்றைப் போல இருந்தது. நடந்ததைச் சொன்னேன். இந்தப் பெண் அழவில்லை, குழந்தை இறக்கவில்லை, நான் யாரிடமும் கேட்கவில்லை. மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவு சின்னதா என்று எனக்கே திகைப்பாக இருந்தது.

முன்வரிசையில் ஒரு பேராசிரியர் எழுந்தார். நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றத்தான் எழுந்தார். "நிகழ்வு எதுவாயினும், படைப்புக்குள் இருக்கும் துயரம் மெய்யானதுதானே? அதை ஏன் நாம் இழக்க வேண்டும்?" என்றார். பலர் தலையசைத்தார்கள். வெட்கமாக இருக்கிறது, எனக்கும் தலையசைக்கத் தோன்றியது.

பின்னாலிருந்து அஞ்சலையின் குரல் கேட்டது. "அவரு என்னா சொல்றாரு?"

வசந்தா கூடத்துக்கே கேட்கிற மாதிரி ரகசியம் பேசினாள். "நீ அழுவுறதாவே வச்சிக்கலாமான்னு கேக்குறாரு."

அஞ்சலை எழுந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தாள். சுவருக்கு முன்னால் திரும்பி நின்றாள். என் சிலையின் படம் அவள் புடவை மேலும் முகத்தின் மேலும் விழுந்தது. ஒரு கணம் யோசித்தாள். பிறகு வலது கையைத் தூக்கினாள்.

"டேய்! எறியாத! எறங்கி வந்து கையில குடுடா! எங்கள என்னான்னு நெனச்ச? நாயின்னு நெனச்சியா?"

வாய் வட்டமாகத் திறந்தது. இரண்டு விரல் மடங்கியிருந்தது. நான் ஐந்து வருடத்துக்கு முன் செய்தேனே, அதே வளைவு, அதே உயரம். ஆனால் ஒரு சொட்டுத் துக்கம் இல்லை. கோபம் மட்டும்தான். முன்வரிசைப் பேராசிரியர் நாற்காலியோடு ஓரடி பின்னால் நகர்ந்திருந்தார். இந்தக் குரலை வெளியே எடுத்துவிட்டல்லவா நான் அந்த வாயைச் சுட்டேன்!

"இதான்" என்றாள் அஞ்சலை, சாதாரணக் குரலில். "இதத்தான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல." போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். கவிதா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் சிரிப்பது தெரிந்தது.

யூகோ என்னிடம், அவள் என்ன சொன்னாள் என்று கேட்டாள். மொழிபெயர்த்தேன். அவள் சொன்னாள்: "எங்கள் மேடுகளில் நிற்கிற ஒருவன்கூட இப்படி இறங்கி வந்ததில்லை."

வெள்ளிக்கிழமை சூளை திறந்தோம். சவுக்கு யூகோவின் பேச்சைக் கேட்கவில்லை. வெப்பம் ஒரு பக்கமாக ஏறி, பாதி உருவங்கள் வெடித்திருந்தன. மீதி, சாம்பல் படிந்து இதுவரை நான் பார்த்திராத ஒரு நிறத்தில் வந்திருந்தன. யூகோ உடைந்ததையும் உடையாததையும் ஒரே மாதிரித் தூக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். அதில் என்னுடையது எதுவும் இல்லை. பத்து நாளில் நான் ஒன்றும் செய்யவில்லை.

அன்று ஓட்டலிலிருந்து பதில் வந்திருந்தது. மிகவும் மரியாதையான கடிதம். விருந்தினர்கள் அந்தச் சிலையின் கதையில்தான் நெகிழ்ந்துபோகிறார்களாம். கோபத்தில் திட்டும் பெண் என்று எழுதி வைத்தால் வரவேற்பறையின் சூழலுக்கு ஒத்துவராதாம். ஆகவே சிலையை உள்ளே கிடங்குக்கு மாற்றுவதாக முடிவு செய்திருக்கிறார்களாம். இரண்டு தடவை படித்தேன். பிறகு வசந்தாவின் போனை வாங்கி அஞ்சலையிடம் சொன்னேன்.

"அழுதா வாசல்ல வப்பாங்க, திட்டுனா உள்ள தள்ளிடுவாங்க" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது. "கெடக்கட்டும் வுடு. நீ எப்ப கெளம்புற? நாளைக்கா? எனக்கும் கடலூர் போவணும். திருவந்திபுரத்துல எங்க சொந்தக்காரப் பொண்ணுக்குக் கல்யாணம். ஒரே பஸ்சுல போயிடலாம், இரு."

அழைப்பா, கட்டளையா என்று தெரியவில்லை. இருந்தேன்.

சனிக்கிழமை காலை சிதம்பரம் பேருந்து நிலையத்துக்கு அவர்கள் எனக்கு முன்னாலேயே வந்து இடம் பிடித்திருந்தார்கள். கவிதா ஜன்னலோரம். அவள் என்னிடம் பேசவில்லை. புதுச்சத்திரத்தை நெருங்கும்போது குண்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பின் சக்கரம். எல்லோரும் இறங்கினோம். மாற்றுச் சக்கரத்திலும் காற்று இல்லை என்று நடத்துநர் கண்டுபிடித்து, அதை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு காற்றடிக்கப் போனார்.

சாலையோர வேப்பமரத்தடியில் ஒரு கிழவர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். அஞ்சலை வாங்கி எனக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று கொடுத்தாள். கவிதா தள்ளிப்போய்ச் சக்கரம் கழற்றுவதை வேடிக்கை பார்த்தாள்.

"அக்கா" என்றாள் அஞ்சலை. முதல் தடவையாக. "எம்பொண்ணு சாவல. ஆனா எங்க வூட்டுல யாரும் சாவலன்னு நெனச்சிக்காத."

அவளுக்கு ஒரு தங்கை இருந்தாளாம். அவளை எந்தப் பேப்பரும் படம் பிடிக்கவில்லை. கல்யாண ஆல்பம், ரேஷன் கார்டு எல்லாம் தண்ணீரோடு போய்விட்டதால் இப்போது ஒரு படமும் இல்லை. அந்தக் காலையில் தங்கை எங்கே நின்றாள், என்ன சொல்லிக்கொண்டு ஓடினாள், அஞ்சலை எதைப் பார்த்தாள், எதைச் செய்யாமல் விட்டாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். நுங்கு என் கையிலேயே சூடாகிவிட்டது. நடுவில் என் வலது கை தானாகப் பைக்குள் போனது. பென்சிலும் வரைதாளும் இருக்கும் இடம் அது. வேண்டுமென்று செய்யவில்லை. பழக்கம். அஞ்சலை பார்த்துவிட்டாள். பேச்சை நிறுத்தினாள். நான் கையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அது என் கைதானா என்று எனக்குப் பயமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அவள் மறுபடி தொடங்கினாள்.

நடத்துநர் சக்கரத்தோடு திரும்பி வரும்வரை சொன்னாள். அழவில்லை. நானும் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

கடலூர் வரும்வரை அவள் தூங்கினாள், வாயைத் திறந்துகொண்டு. பேருந்து நிலையத்தில் சென்னை வண்டி புறப்படத் தயாராக நின்றது. என் பெட்டியை அவளே தூக்கிக் கொடுத்தாள்.

"அக்கா, எந்தங்கச்சிய செஞ்சிடாத."

"செய்ய மாட்டேன்."

"எங்கியும் எழுதிடவும் எழுதிடாத. நீ எழுதுவியாமே, வசந்தா சொல்லிச்சு."

"எழுத மாட்டேன்."

"ஒங்கிட்ட சொன்னது ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு திருவந்திபுரம் போகும் டவுன் பஸ்சை நோக்கி வேகமாக நடந்தாள்.

இதை எழுதலாமா என்று பிறகு போனில் கேட்டேன். அவளைப் பற்றி, கவிதாவைப் பற்றி, லாரியைப் பற்றி எழுதிக்கொள்ளச் சொன்னாள். தங்கை ஒருத்தி இருந்தாள், படம் இல்லை என்பதுவரை எழுதலாம் என்றாள். பெயர்களை மட்டும் மாற்றச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன். நுங்குக்காரர் மரத்தடியில் கேட்டது இங்கே இல்லை. அந்தத் தங்கையின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று என் விரல்களுக்குத் தெரியும். பெயரும் தெரியும். சொல்ல மாட்டேன்.